சிறு அமைப்புகளுக்கான மின்னஞ்சலும் விளம்பரமும்

வாசகர் வட்டம், முன்னாள் மாணவர் சங்கம், இசைப்பள்ளி, மகளிர் சுய உதவிக் குழு, கோயில் திருப்பணிக் குழு, இரத்த தானக் கழகம் போன்றவை இக்கட்டுரையில் சிறு அமைப்புகள் எனக் குறிக்கப்படுகின்றன. சம்பளம் பெறும் ஊழியர் எவரும் இல்லாமலோ, ஒருவர் இருவரை மட்டும் வைத்துக்கொண்டோ, பலர் தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்து நடத்துபவை இவை. இத்தகைய அமைப்பு தனக்கென ஒரு மின்னஞ்சல் முகவரியை முறையாக அமைத்துக்கொள்வது, அதன்வழி உறுப்பினர்களுக்குச் செய்தி சேர்ப்பது, கையில் உள்ள சிறு தொகையை விளம்பரத்துக்குச் செலவிடுவது ஆகியவை இங்கு விளக்கப்படுகின்றன. கணினித் துறையில் பயிற்சி இல்லாதவரும் பின்பற்றக்கூடிய அளவிலேயே விளக்கம் அமைந்துள்ளது.

முகவரி யாருடையது?

பெரும்பாலான சிறு அமைப்புகளுக்குத் தனி முகவரி என்று ஒன்று இருப்பதில்லை. செயலாளரின் சொந்த முகவரியே அமைப்பின் முகவரியாகவும் இருக்கும். தொடக்கத்தில் இது வசதியாகத்தான் தோன்றும்.

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் நெடுங்காலம் செயலாளராக இருந்த நண்பர் ஒரு நாள் திடீரென்று காலமானார். வங்கி, பதிவுத்துறை, வருமான வரித்துறை என எல்லா இடத்திலும் கொடுக்கப்பட்டிருந்தது அவருடைய சொந்த முகவரி. அறக்கட்டளைகளும் சங்கங்களும் தம் வருமான வரி விலக்குப் பதிவை 12ஏபி பிரிவின்கீழ் மீண்டும் செய்துகொள்ள வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருந்த சமயம் அது. துறையின் இணையதளத்தில் நுழைய வேண்டுமானால் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த முகவரிக்குத்தான் வரும். அவருடைய கைப்பேசியைத் திறக்கும் எண் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "எங்கேயாவது நோட்டில் எழுதி வைத்திருப்பார் சார், காரியம் முடியட்டும், தேடிப் பார்க்கிறேன்" என்று அவருடைய துணைவியார் சொன்னார். துக்க வீட்டில் கடவுச்சொல் கேட்டு நின்றது எங்களுக்கே கூச்சமாக இருந்தது. மறுபதிவுக்கான காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டதால் அந்தச் சிக்கலிலிருந்து தப்பித்தோம். ஆனால் எழுத்தாளர்கள் பல ஆண்டுகளாக அவருக்கு எழுதிய மடல்களும், உறுப்பினர் முகவரிப் பட்டியலும் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆகவே முதல் வேலை, முகவரியை ஆளின் பெயரில் அல்லாமல் பொறுப்பின் பெயரில் அமைப்பது. செயலாளர், பொருளாளர், தகவல் என்று முகவரி இருந்தால் ஆள் மாறினாலும் முகவரி மாறாது. அதைத் திறக்கும் உரிமை எப்போதும் இருவருக்காவது இருக்க வேண்டும். கடவுச்சொல்லை மீட்பதற்கான கைப்பேசி எண்ணும் மாற்று முகவரியும் ஒரே நபருடையதாக இருத்தல் கூடாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கும்போது கூகுள் 10 மாற்றுக் குறியீடுகளைத் தருகிறது. அவற்றைத் தாளில் அச்சிட்டு, உறையில் இட்டு ஒட்டி, தீர்மானப் புத்தகத்தோடு வைக்கலாம். பொறுப்பாளர் மாறும் கூட்டத்தில் சாவியும் ரசீதுப் புத்தகமும் கைமாறுவது போல இந்த உறையும் கைமாற வேண்டும். கைமாறியதைத் தீர்மானத்தில் ஒரு வரியாக எழுதிவிடுவது இன்னும் நல்லது.

எப்போதோ திறந்துவிட்டு மறந்துபோன கணக்குகளுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கி வருகிறது. ஆண்டு விழாவுக்கு மட்டும் திறக்கப்படும் கணக்கு இப்படித்தான் போகும்.

சொந்தத் தளப்பெயர்

முகவரியில் @ குறிக்கு வலப்புறம் இருப்பது தளப்பெயர். ஜிமெயில், யாகூ போன்ற பொதுப் பெயரில் இயங்குவதில் தவறு ஒன்றும் இல்லை. உறுப்பினர் 50 பேர் உள்ள குழுவுக்கு அதுவே போதும். ஆனால் நன்கொடை கேட்கும் அமைப்புக்கும், அரசு அலுவலகங்களோடு கடிதப் போக்குவரத்து உள்ள அமைப்புக்கும் சொந்தத் தளப்பெயர் தேவை. அமைப்பின் பெயரைச் சற்றே மாற்றி, பொதுச் சேவையில் யார் வேண்டுமானாலும் ஒரு முகவரி திறந்துகொண்டு பணம் கேட்க முடியும் என்பதே முதன்மையான காரணம்.

இந்தியாவுக்குரிய .இன், உலகப் பொதுவான .ஆர்க் ஆகியவை சிறு அமைப்புகள் மிகுதியாக எடுப்பவை. ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை இருக்கும். முதல் ஆண்டுக்கு மிகக் குறைந்த விலையைக் காட்டி, இரண்டாம் ஆண்டிலிருந்து கூட்டுவது இத்தொழிலில் வழக்கம் என்பதால், புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர் என்ற இடத்தில் அமைப்பின் பெயர் இருக்க வேண்டும். இணையதளம் செய்துதரும் தம்பியின் பெயரோ அவருடைய நிறுவனத்தின் பெயரோ அல்ல. நல்ல எண்ணத்தோடுதான் அவர்கள் தங்கள் பெயரில் எடுத்துத் தருகிறார்கள். பிறகு வெளிநாடு போய்விடுகிறார்கள்.

தளப்பெயர் காலாவதியானால் மின்னஞ்சலும் நின்றுவிடும். .ஆர்க் போன்ற பெயர்களில், நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் மீட்புக் கட்டணம் அதிகம். அதையும் தவறவிட்டால் பெயர் பொதுவில் வந்துவிடும். வேறொருவர் அதை வாங்கினால் அமைப்புக்கு வரும் மடல்களை அவரே பெற முடியும். வங்கிக்குக் கொடுத்த முகவரியும் அதுவாக இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது.

பெயர் வாங்கியபின் அஞ்சல்பெட்டியை நடத்தித்தர ஒரு சேவை வேண்டும். கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய இரண்டும் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களுக்குச் சலுகைத் திட்டங்கள் வைத்துள்ளன. ஸ்ரீதர் வேம்புவும் நண்பர்களும் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் பெயர் மாறிய ஜோஹோ நிறுவனமும் சொந்தத் தளப்பெயருக்கு மின்னஞ்சல் வசதி தருகிறது; சில பயனர்களுக்கு உட்பட்ட இலவசத் திட்டமும் அதில் உண்டு. இலவசத் திட்டங்களின் எல்லைகள் மாறிக்கொண்டே இருப்பவை. சேரும் நாளில் விதிகளைப் படித்துவிட்டுச் சேர வேண்டும்.

மடல் சென்று சேரும் வழி

அடுத்துச் சொல்லப்படும் மூன்று பதிவுகள் விளங்க வேண்டுமானால் மின்னஞ்சலின் அடிப்படைக் குறை ஒன்றை அறிந்திருக்க வேண்டும். மடல் அனுப்பும் முறையை வரையறுக்கும் எஸ்எம்டிபி நெறிமுறையை 1982-இல் ஜான் போஸ்டல் வெளியிட்டார். அக்காலத்து வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள். எனவே அனுப்புநர் என்று எழுதப்பட்டிருப்பவர்தான் உண்மையில் அனுப்பினாரா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இடம்பெறவில்லை. அஞ்சலட்டையின் அனுப்புநர் பகுதியில் யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் எழுதலாம் அல்லவா, அதே நிலைதான். இந்தக் குறையைப் பின்னாளில் அடைக்க வந்தவையே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்னும் மூன்று பதிவுகள். இவை தளப்பெயரின் டிஎன்எஸ் பதிவேட்டில் எழுதப்படுபவை.

எஸ்பிஎஃப் என்பது ஒரு பெயர்ப்பட்டியல். இந்தத் தளப்பெயரின் சார்பில் மடல் அனுப்ப உரிமை பெற்ற சர்வர்கள் இவை என்று அது அறிவிக்கிறது. பெறும் சர்வர், மடல் வந்த இடம் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கும். இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. முதலில் அஞ்சல் சேவைக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவு எழுதுவார்கள். பிறகு செய்திமடல் அனுப்பும் சேவையில் சேரும்போது, அது சொன்னபடி இரண்டாவதாக ஒன்றையும் எழுதிவிடுவார்கள். ஒரு தளப்பெயருக்கு ஒரு எஸ்பிஎஃப் பதிவு மட்டுமே இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டு சேவைகளையும் ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும்.

டிகிம் என்பது முத்திரை. அனுப்பும் சர்வர் ஒவ்வொரு மடலிலும் ஒரு மறைக்குறியீட்டுக் கையொப்பம் இடும். அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவி டிஎன்எஸ் பதிவேட்டில் இருக்கும். கையொப்பம் இட்ட பகுதிகள் வழியில் மாற்றப்பட்டால் முத்திரை பொருந்தாது. மடலை ஒருவர் தம் மற்றொரு முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும் ஏற்பாடு செய்திருந்தால் எஸ்பிஎஃப் சோதனை பெரும்பாலும் தோற்கும், டிகிம் நிலைக்கும். அதனால் இரண்டும் வேண்டும்.

டிமார்க் என்பது முதல் இரண்டும் பொருந்தாதபோது என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை: ஒன்றும் செய்யாதே, குப்பைப் பெட்டியில் போடு, ஏற்காதே என மூன்று நிலைகள். எடுத்த எடுப்பில் மூன்றாம் நிலைக்குப் போனால் நம்முடைய உண்மையான மடல்களே திரும்பக்கூடும். முதல் நிலையில் சில வாரம் வைத்து, வரும் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு மேலே செல்வது நல்லது.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இவற்றைக் கட்டாயமாக்கின. ஜிமெயில் பயனர்களுக்கு ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்புவோர் மூன்று பதிவுகளையும் வைத்திருக்க வேண்டும். விளம்பர மடல்களில், ஒரே சொடுக்கில் விலகும் வழியும் தர வேண்டும். குறைவாக அனுப்புவோருக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இவற்றில் ஒன்றாவது வேண்டும். "நாங்கள் 200 பேருக்குத்தானே அனுப்புகிறோம்" என்று இருந்துவிட முடியாது.

பலருக்கு ஒரே மடல்

தட்டச்சு இயந்திரத்தில் இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் தாள் வைத்து அடித்த தலைமுறைக்கு 'நகல்' என்ற பெட்டியின் பொருள் உடனே விளங்கும். 'மறைநகல்' என்ற பெட்டிதான் புதிது. அதில் எழுதப்படும் முகவரிகள் பெறுபவர் எவர் கண்ணுக்கும் தெரியாது. உறுப்பினர் அனைவருக்கும் அனுப்பும் மடலில் முகவரிகளை மறைநகலில்தான் இட வேண்டும். பெறுநர் பெட்டியில் எல்லாரையும் போட்டால் ஒருவரின் முகவரி மற்ற எல்லாருக்கும் போய்விடும். ஒருவர் "வாழ்த்துகள்" என்று அனைவருக்கும் பதில் எழுத, அதைத் தொடர்ந்து நாற்பது வாழ்த்துகள் வரும்.

இந்தக் கோளாறு மின்னஞ்சலோடு கூடவே பிறந்தது. 1978 மே மாதத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி தூர்க் என்பவர், புதிய கணினிகளின் அறிமுகக் காட்சிக்கு அழைத்து ஆர்ப்பாநெட் பயனர்கள் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்ப முயன்றார். முகவரிகள் அதற்குரிய இடத்தில் அடங்காமல் மடலின் உடற்பகுதிக்குள் வழிந்தன. உலகின் முதல் குப்பை மடல் என்று இன்று சொல்லப்படுவது அதுதான்.

தனிநபர் ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பெறுநர் என்பது எல்லை. அதைத் தாண்டினால் கணக்கு ஒரு நாள் வரை முடங்கும். ஆண்டு விழாவுக்கு முந்தின இரவில் இப்படி ஆனால் எவ்வளவு சிரமம் என்பது நடத்தியவர்களுக்குத் தெரியும். உறுப்பினர் பெருகினால் செய்திமடல் அனுப்பும் சேவை ஒன்றுக்கு மாறிவிட வேண்டும். அச்சேவையில் அனுப்புநராக ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் மடல் பெரும்பாலும் குப்பைப் பெட்டிக்கே போகும். ஜிமெயில் பெயரில் வேறு சர்வர் அனுப்புவது மேலே சொன்ன சோதனைகளில் தோற்கும் என்பதே காரணம். சொந்தத் தளப்பெயர் இங்கேயும் கைகொடுக்கும்.

பட்டியலில் யார் பெயர் இருக்கலாம்? கேட்டுக்கொண்டவர் பெயர் மட்டும். கல்யாண வீட்டில் கிடைத்த விசிட்டிங் கார்டு சம்மதம் ஆகாது. இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டமும், சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டின் சட்டமும் இதைப் பற்றியே பேசுகின்றன. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கணக்கு எளியது. பெறுபவர்கள் 'இது குப்பை' என்று புகார் செய்யும் அளவு 0.3 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது கூகுள். 1000 மடலுக்கு மூன்று புகார். சம்மதம் இல்லாத பத்துப் பேரைச் சேர்த்தால் மற்ற 990 பேருக்கும் மடல் போய்ச் சேராமல் போகலாம்.

கூட்டத்தில் சுற்றுக்கு விடும் நோட்டில் முகவரி எழுதி வாங்குவது இன்னமும் நடக்கிறது. எத்தனையோ ஆண்டு விடைத்தாள் திருத்திய எனக்கே அந்தக் கையெழுத்துகள் பிடிபடுவதில்லை. ஒன்று என்ற எண்ணா, எல் என்ற எழுத்தா என்பது புரியாது. அன்றிரவே ஒரு சிறு மடல் அனுப்பி, "சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டு, பதில் சொன்னவரை மட்டும் பட்டியலில் சேர்த்தால் பிழையும் தீரும், சம்மதமும் எழுத்தில் கிடைக்கும். மடல் திரும்பி வந்த முகவரிகளை அவ்வப்போது நீக்கிவிட வேண்டும்.

மடலை எழுதுதல்

பொருள் வரியில் விஷயம் இருக்க வேண்டும். 'முக்கிய அறிவிப்பு' என்பது எதையும் அறிவிப்பதில்லை. 'ஜூலை 14 ஞாயிறு மாலை 5: சிறுகதை வாசிப்பு' என்றால் மடலைத் திறக்காதவருக்கும் செய்தி போய்விடுகிறது. கைப்பேசித் திரையில் பொருள் வரியின் தொடக்கம் மட்டுமே தெரியும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் இன்னும் குறைவாகத் தெரியும். அமைப்பின் முழுப்பெயரை முதலில் எழுதினால் அதற்கே இடம் போதாது.

'வரும் ஞாயிறு', 'நாளை மறுநாள்' என்று மட்டும் எழுதவே கூடாது. மடலும் வாட்ஸ்அப் செய்தியும் வாரக்கணக்கில் சுற்றுபவை. எங்கள் கூட்டம் ஒன்று முடிந்து இரண்டு வாரம் கழித்து, பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் பேருந்து ஏறி வந்து பூட்டிய கதவின் முன் நின்றிருக்கிறார். தேதி, கிழமை, நேரம், இடம், அருகில் உள்ள அடையாளம், தொடர்பு எண் ஆகிய ஆறும் ஒவ்வோர் அறிவிப்பிலும் இருக்க வேண்டும்.

அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்புவது தமிழில் மிகப் பரவிவிட்டது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் எழுத்தைத்தான் படிக்கும். எழுத்துரு படமாக இருந்தால் தடுமாறும். பிற்பாடு மடல்பெட்டியில் தேடினாலும் கிடைக்காது. படத்தோடு அதே செய்தியை ஒருங்குறியில் நான்கு வரி எழுதிவிடலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சகத்தார் அடித்துத் தந்ததை அப்படியே ஒட்டினால் பெறுபவருக்குப் புரியாத ரோமன் எழுத்துக் குவியல்தான் போகும். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் உள்ளன. இணைப்புக் கோப்பைப் பொறுத்தவரை, ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. ஆனால் கோப்பு மடலில் ஏறும்போது மூன்று பங்கு நான்கு பங்காகப் பெருக்கும். எனவே 20 எம்பி கோப்பே போகாமல் இருக்கக்கூடும். விழாப் படங்களை இணைய சேமிப்பில் வைத்து இணைப்பு முகவரியை அனுப்புவதே வழி.

எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்று சேவைகள் காட்டும் எண்ணிக்கையை நம்பி மகிழ வேண்டாம். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாடு, மடலில் உள்ள படங்களைப் படிப்பவர் திறக்காமலே முன்கூட்டிப் பெற்றுவிடுகிறது. அதுவும் 'திறந்தது' என்றே கணக்காகும். வந்த பதில்களையும் கூட்டத்தில் நிரம்பிய நாற்காலிகளையும் எண்ணுவது மேல்.

பணம் கொடுத்துச் செய்யும் விளம்பரம்

பணம் செலவிடும் முன் இலவசமானதைச் செய்துவிட வேண்டும். மக்கள் நேரில் வந்து போகும் இடம் இருந்தால் கூகுள் வரைபடத்தில் வணிக விவரக்குறிப்பு ஒன்றைப் பதிவு செய்யலாம். திறக்கும் நேரம், விடுமுறை நாள், தொலைபேசி எண், வாசலின் படம் இவை போதும். நூலகத்துக்கோ இசைப்பள்ளிக்கோ இதைவிடப் பயனுள்ள விளம்பரம் கிடையாது.

சமூக ஊடக விளம்பரத்தில் முதலில் கவனிக்க வேண்டியது பரப்பு. நாங்கள் முதல் முறை மாவட்டம் முழுவதையும் தேர்ந்தெடுத்தோம். விருப்பக்குறிகள் குவிந்தன, கூட்டத்துக்கு அதைப் பார்த்து வந்தவர் மூவர். 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் ஒரு சிறுகதைக் கூட்டத்துக்கு ஏன் வரப்போகிறார்? அடுத்த முறை ஊரைச் சுற்றிச் சில கிலோமீட்டர் மட்டும் வைத்தோம். செலவு குறைந்தது, புதிய முகங்கள் கூடுதலாக வந்தன. முடிவுத் தேதி இடாமல் விளம்பரத்தைத் தொடங்கினால் கூட்டம் முடிந்த பிறகும் நாள்தோறும் பணம் போய்க்கொண்டிருக்கும். இந்தியாவில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும் என்பதையும் வரவுசெலவில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தகுதிபெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் மதிப்புள்ள தேடல் விளம்பரத்தை கூகுள் மானியமாகத் தருகிறது. பணமாகத் தருவதில்லை, தேடல் பக்கத்தில் எழுத்து விளம்பரம் மட்டும். அரசு அமைப்புகள், மருத்துவமனைகள், பள்ளிகள் இதில் சேர முடியாது. விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் 5 விழுக்காட்டினராவது சொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், யாராவது ஒருவர் தொடர்ந்து கவனித்துவர வேண்டும். ஓர் ஊரின் வாசகர் வட்டத்துக்கு இந்த உழைப்பு தகாது என்பது என் கருத்து. ஓலைச்சுவடி காக்கும் அமைப்பு, அரிய நோயாளிகளின் குடும்பங்களுக்கு உதவும் அமைப்பு போல, தேவைப்படுபவர் உலகில் எங்கெங்கோ சிதறி இருக்கும் பணிக்கு இது பெரிய வரம். கூகுளின் விளம்பரச் சேவை 2018 முதல் தமிழிலும் கிடைக்கிறது.

குறுஞ்செய்தியை மொத்தமாக அனுப்ப இந்தியாவில் டிஎல்டி எனப்படும் பதிவு தேவை; ஆண்டுக்கு இரண்டு கூட்டம் நடத்துபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

சிறு நகரத்தில் பிட் நோட்டீஸ் இன்னும் செத்துவிடவில்லை. காலை நாளிதழுக்குள் வைத்து விநியோகிப்பது, நூலகப் பலகை, தேநீர்க்கடைச் சுவர், பள்ளி வாசல் எல்லாம் இப்போதும் பலன் தருகின்றன. நோட்டீசில் கியூஆர் குறியீடு அச்சிட்டால் அது அமைப்பின் சொந்த முகவரிக்கு நேராகப் போவதாக இருக்கட்டும். சில தளங்கள் இலவசமாகச் செய்து தரும் குறியீடு அவர்கள் தளத்தின் வழியே சுற்றிச் செல்லும். சோதனைக் காலம் முடிந்ததும் வேலை செய்யாது. ஆயிரம் நோட்டீஸ் அச்சடிக்கக் கொடுக்கும் முன், ஒரு பழைய கைப்பேசியிலும் ஒரு புதிய கைப்பேசியிலும் அதைப் படித்துப் பார்த்துவிட வேண்டும்.